ஓரத்து ஆணிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி வியாபாரி சாகுல் ஹமீது ராவுத்தருக்கு முப்பத்திரண்டு மாட்டு வண்டிகள். அத்தனை வண்டிக்கும் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர் ராஜபாளையத்து இருளப்பசாமி ஆசாரி. அந்த வண்டிகள் வராவிட்டால் ஆசாரியின் உலையில் வாரத்துக்கு நாலு நாள் பூனை படுத்துக்கொள்ளும். இது அவருக்கும் தெரியும், துருத்தி மிதிக்கிற அவர் பெண்டாட்டி பெத்தம்மாளுக்கும் தெரியும், ராவுத்தருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

இருளப்பசாமி யார் பேச்சையும் நம்புகிற ஆள் இல்லை. தன் கண்ணையே பாதிதான் நம்புவார். கரி மூட்டை கொண்டுவந்தால் அடி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார். கோயில் திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். அதனால் அவர் ஏமாந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஏமாறும்போது தெரிந்தே ஏமாந்தார், அவ்வளவுதான்.

டெல்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய வருஷம், ராவுத்தர் மதுரையில் ஒரு கனவான் ஓட்டி அலுத்த மோட்டார் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். ரயில் பிடிக்கச் சாத்தூருக்குப் போக வேண்டிய காலம் அது. மாட்டு வண்டியில் விடிய விடியக் குலுங்கிப் போய்ச் சேர்கிற தூரத்தை இது காலைக் கஞ்சிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவிலேயே முடித்துவிட்டது. ஓட்டுவதற்கு ஞானதுரை என்று ஒரு டிரைவர். நாசரேத்துப் பக்கம். பட்டணத்தில் தொழில் கற்றவன். தலையில் தொப்பி, பேச்சில் அங்கங்கே இங்கிலீசு. தொப்பி போட்டவன் எதையோ மறைக்கிறான் என்பது இருளப்பசாமியின் எண்ணம். வழுக்கையைத்தான் மறைத்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் எண்ணம் மாறவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மோட்டார் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. ராவுத்தர் இறங்கிப் பருத்திக் கிட்டங்கியைப் பார்க்கப் போய்விட்டார். எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற இரும்புக் குழாய் ஒன்று எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நீளவாக்கில் கிடந்தது. ஒன்றரை முழம் இருக்கும். அதை ஆறு ஆணிகள் பிடித்திருந்தன. இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஆணி. ஒரு முனை எஞ்சினுக்குள் திருகிக்கிடக்கும், மறுமுனையில் மரை என்கிற நட்டைப் போட்டு முடுக்கியிருக்கும். ஞானதுரை அதை ஸ்டட்டு என்றான். குழாய் சரியாக ஒட்டாமல் சப் சப்பென்று புகை கசிகிறது, வண்டி ஆறின பிறகு மரைகளைக் கொஞ்சம் முடுக்கிவிட்டால் போதும், நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறின பிறகா? இருளப்பசாமிக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாகச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவர் அவர். வரட்டியை வட்டமாக அடுக்கி, பட்டையை நடுவில் வைத்துத் தீ மூட்டி, சிவக்கச் சிவக்க எடுத்துச் சக்கரத்தில் மாட்டி, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு சக்கரம் தேய்ந்தாலும் பட்டை கழலாது. இரும்பு சூடாக இருக்கும்போது சொல்பேச்சு கேட்கும், தண்ணீர் பட்டால் பிடித்த பிடியை விடாது. இதை ராஜபாளையத்தில் தொட்டில் பிள்ளைகூடச் சொல்லும். பட்டணத்தில் கற்றவனுக்கு மட்டும் தெரியவில்லை.

குழாய் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. அவர் நீளக் காம்பு போட்ட ஸ்பானரால் ஆறு மரையையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். பிறகு பெத்தம்மாளை இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, குழாயின் தலை முதல் கால் வரை ஊற்றினார். ஆவி குபுகுபுவென்று கிளம்பி அவர் மீசை நனைந்தது. ஆவிக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். செத்த நேரம் கழித்து இன்னொரு டிக்.

“கவ்விட்டுது பாத்தியா” என்றார் பெத்தம்மாளிடம்.

ஞானதுரை வந்து எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றினான். சப் சப் என்று இருந்த சத்தம் இப்போது பட்டாசுக் கட்டு வெடிப்பதுபோல் வெடித்தது. குழாயின் இரண்டு ஓரத்திலும் மரையோடு சேர்ந்து அறுந்த ஆணித்துண்டு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே தேடினான். கிடைக்கவில்லை. பெத்தம்மாள் விழுந்த மறுகணமே இரண்டையும் காலால் கரிக்குவியலுக்குள் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான சண்டைதான். முரட்டுத்தனமாக முடுக்கி ஒடித்துவிட்டார் என்றான் டிரைவர். உளுத்த ஆணியைக் கொண்டுவந்து என் தலையில் கட்டுகிறான் என்றார் ஆசாரி. தண்ணீர் ஊற்றியதை அவர் வாய் தவறியும் சொல்லவில்லை. ஈரமெல்லாம் காய்ந்து குழாய் வெயிலில் கிடந்த பாறைபோல் இருந்தது.

ராவுத்தர் திரும்பி வந்து இரண்டு பேர் பேச்சையும் நின்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தமாட்டார். அதுதான் பயமே.

“ஆசாரி, வண்டி இங்கயே நிக்கட்டும். டிரைவரும் நிக்கட்டும். வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சு வாரேன். வண்டி ஓடணும், யாரு ஒடச்சதுன்னும் எனக்குத் தெரியணும். உம்ம கைதான்னு தெரிஞ்சா, என் வண்டியெல்லாம் செட்டியார்பட்டிப் பட்டறைக்குப் போயிரும். அதுல எனக்கு உம்மமேல கோவம் ஒண்ணும் கிடையாது.”

சொல்லிவிட்டு வாடகை மாட்டு வண்டியில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலையில் ஞானதுரை சத்திரத்திலிருந்து வருவதற்கு முன்னால் இருளப்பசாமி கரிக்குவியலைக் கிளறித் துண்டுகளை எடுத்தார். துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ இரும்பு ஒடிந்து பார்த்திருக்கிறார். ஒடிந்த முகத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஒடிந்தால் உலையில் போட வேண்டியது, அதற்கு முகம் என்ன, முதுகு என்ன?

வண்டியின் முன்னோரத்துத் துண்டு முக்கால்வாசி கறுப்பாக இருந்தது. கரிக்குவியல் கறுப்பு இல்லை; துடைத்துவிட்டாரே. புகை ஏறி ஏறி இறுகிய கறுப்பு. கடைசி ஓரத்தில் மட்டும் பிறைபோல் ஒரு கீற்று பளபளத்தது. அப்படியானால் இது என்றைக்கோ விரிசல் விட்டுவிட்டது. அந்த விரிசல் வழியாகப் புகை மாசக்கணக்கில் நுழைந்திருக்கிறது. மிச்சம் கீற்றளவு பிடித்திருந்ததுதான் நேற்று விட்டது. டிரைவர் வரட்டும், மூஞ்சியில் காட்டலாம்.

பின்னோரத்துத் துண்டை எடுத்துப் பார்த்தார். அது முழுக்க வெள்ளையாக, உடைத்த கல்கண்டு மாதிரி மின்னியது. ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது. திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் அது நல்ல ஆணி.

அவர் அதைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

பெத்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலைக்கு எதிரில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்தவள்.

“இந்தாரும், இதுக்குப்போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. அதை ஒரு நிமிசம் உலையில காட்டி, எண்ணெய்த் துணியில புரட்டி எடும். அதுவும் கறுத்துரும். ரெண்டும் கறுப்புன்னா டிரைவர் தலையில விடிஞ்சிது.”

கறுக்கும்தான். ராவுத்தர் பருத்தியைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்ப் பருத்தி என்று சொல்லிவிடுவார். இரும்புக் கறுப்பில் புதுசு பழசு அவருக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். இருளப்பசாமி துண்டைக் குறட்டில் பிடித்தார். பெத்தம்மாள் துருத்தியில் காலை வைத்தாள். கரி சிவந்தது.

அவர் குறட்டை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. முன்னோரத்துத் துண்டில் கறுப்பு ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் போயிருந்தது. இந்த வெள்ளைத் துண்டிலும் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கிழித்தது மாதிரி உதடு. எந்தப் பக்கம் முதலில் விட்டது? ஆறு ஆணியில் நடுவில் இருக்கிற நாலும் நன்றாக இருக்க, இரண்டு ஓரமும் ஏன் போக வேண்டும்? ஆறையும் அவர் ஒரே கையால்தானே முடுக்கினார்?

“உலை அப்புறம். செத்த பொறு” என்றார்.

“பொறுத்தா செட்டியார்பட்டியான் பொறுப்பானா?” என்றாள் அவள். ஆனால் காலை எடுத்துவிட்டாள்.

ஞானதுரை வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து குழாயைக் கழற்றினார்கள். அவன் மண்ணெண்ணெய் கேட்டபோது பெத்தம்மாள் சீமெண்ணெயைக் கொடுத்துவிட்டு இதுதான் என்றாள். அவன் வெற்றிலைக் கடைப் பக்கம் போன சமயத்தில் இருளப்பசாமி இரண்டு துண்டையும் எடுத்து, எஞ்சினுக்குள் கிடந்த மிச்ச ஆணியின் முகத்தோடு, உடைந்த சட்டி ஓட்டைப் பொருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். உதடு உதட்டோடு சேர்ந்தது. கறுப்பு தொடங்கிய பக்கத்துக்கும் வழவழப்புப் பக்கத்துக்கும் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார்; முதலாவது குழாயின் நடுவைப் பார்த்தது, இரண்டாவது வெளியைப் பார்த்தது.

பிறகு கொல்லையில் போய் இரண்டு முருங்கைக் குச்சியை ஒடித்துத் தரையில் நட்டு, ஒன்றைக் கிழக்கே தள்ளினார். மேற்குப் பக்கம் முதலில் பிளந்து, கிழக்கே கிழிந்த உதடு நின்றது. இன்னொன்றை மேற்கே இழுத்தார். கிழக்குப் பக்கம் பிளந்தது. போகிற போக்குக்கு எதிர்ப்பக்கம்தான் வாய் பிளக்கிறது.

அப்படிப் பார்த்தால் முன்னோரத்து ஆணியை யாரோ குழாயின் நடுவிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். பின்னோரத்து ஆணியை யாரோ வெளியிலிருந்து நடுவை நோக்கி இழுத்திருக்கிறார்கள். ஒரே குழாய். ஒன்றைத் தள்ளுமாம், ஒன்றை இழுக்குமாம். இரண்டு ஆணியில் ஒன்று பொய் சொல்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இரும்பு பொய் சொல்லாது என்று பெரிய பேச்சு பேசுகிறவர் இல்லை அவர்.

அன்றைக்கும் மறுநாளும் கை வேலையில் இருந்தது, மனசு அந்தப் பொய்யில் இருந்தது.

முன்னோரத்து மிச்சம் நகக்கண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது லேசு. ஒரு கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஆணியின் தலையில் வைத்து அழுத்தினார். ஆறவிட்டார். சீமெண்ணெய் ஒரு சொட்டு விட்டார். மறுபடி காய்ச்சல், மறுபடி சொட்டு. ஏழாவது தடவையில் மரையைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு ஈரவட்டம் தெரிந்தது. எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. நீட்டியிருந்த இடத்தை அரத்தால் இரண்டு பக்கமும் தட்டையாக ராவிக் குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். முனகிக்கொண்டு வெளியே வந்தது.

பின்னோரம்தான் கஷ்டம். பிடிக்க ஒன்றுமில்லாமல் எஞ்சினின் முகத்தோடு முகமாக அறுந்திருந்தது. உளியால் நடுவில் புள்ளி குத்தி, வில்லுக்கயிறு போட்டுச் சுழற்றுகிற தமரால் துளை போட வேண்டியதாயிற்று. பெத்தம்மாள் வில்லை இழுத்தாள், அவர் தமரை அழுத்தினார். துளை சரிந்தால் எஞ்சினின் மரையே போய்விடும். போனால் வண்டியே போனமாதிரி. இரும்புத்தூள் வெளியே வரும்போதெல்லாம் ஞானதுரை குனிந்து ஊதிவிட்டான். சம்மட்டியை ஓங்கிப் போடவேண்டாம், இது வார்ப்பிரும்பு, சட்டி மாதிரி விரிசல் விட்டுவிடும் என்று நாலு தடவை சொன்னான். நாலாவது தடவைதான் இருளப்பசாமி அதை நம்பினார். பழைய அரம் ஒன்றை உடைத்து, நாலு பட்டையாக, நுனி சிறுத்த ஆப்பாக அடித்து, காய்ச்சித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் ஏற்றி, அந்தத் துளைக்குள் மெதுவாகத் தட்டி இறக்கினார். ஆப்பின் மூலைகள் ஆணியைக் கவ்வின. ஸ்பானரை மாட்டி இடது பக்கம் திருகினார். புதன்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் அதுவும் வந்துவிட்டது.

“புது ஆணி நான்தான் அடிக்கணுமா?” என்று கேட்டார்.

ஞானதுரை வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். உள்ளே ஐந்து புது ஸ்டட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியது.

இருளப்பசாமி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். அவருக்கே உரிய சந்தேகம் வந்தது. வண்டி விற்கிறவன் சக்கரம் கொடுப்பான், டயர் கொடுப்பான். இந்த ஆணியை மட்டும் எதற்கு ஐந்து வாங்கி வைத்திருக்கிறான்? ஆணி அடிக்கடி ஒடிகிறவன்தான் சேர்த்து வைப்பான்.

“ஏலே தொரை, உள்ளதச் சொல்லு. மதுரையில இது எத்தன தடவ ஒடிஞ்சிது?”

டிரைவர் தொப்பியைக் கழற்றித் துடைத்தான். மூணு தடவை என்றான். மூன்று தடவையும் ஓரம்தான். அதற்காகத்தான் அந்தக் கனவான் வண்டியைத் தள்ளிவிட்டார். அவரிடமும் இவன்தான் டிரைவர்; ராவுத்தர் வாங்கும்போது கூட இருந்தான், சொல்லவில்லை. சொன்னால் வண்டி வராது, வண்டி வராவிட்டால் வேலை கிடையாது. சப் சப் என்று சத்தம் கேட்டது இரண்டு மாசமாக. ராவுத்தர் என்னவென்று கேட்டபோது சீமை எஞ்சின் அப்படித்தான் மூச்சு விடும் என்று சொல்லியிருக்கிறான்.

இருளப்பசாமி கறுப்புத் துண்டை மடியிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தார். வெள்ளைத் துண்டு மடியிலேயே இருந்தது.

அதைப் பார்த்ததும் ஞானதுரைக்கு முகம் செத்துப்போயிற்று. பிறகு, ராவுத்தரிடம் சீமை இரும்பே மட்டம் என்று இரண்டு பேருமாகச் சொல்லிவிடலாம், யாருக்கும் பழி வராது, புது ஆணியைப் போட்டு ஓட்டிவிடுவோம் என்றான். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. இருளப்பசாமி அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது. புது ஆணியும் ஒரு மாசத்தில் ஒடியும். அப்போது முடுக்கின கை யாருடைய கை என்று கேட்பார்கள்.

“இந்தக் குழாய்தான் சூடு. எஞ்சினும் இரும்பு, அதுக்குள்ளயும் தீதான எரியுது. அது எம்புட்டுச் சூடாகும்?”

அது அவ்வளவு ஆகாது என்றான் டிரைவர். எஞ்சினின் சுவர் இரட்டைச் சுவர். நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னால் இருக்கிற பெட்டியில் காற்றுப்பட்டு ஆறித் திரும்பும். குழாய்க்குத் தண்ணீர் கிடையாது. நெருப்புப் புகை நேராக அதில்தான் போகும்.

இருளப்பசாமி உடனே எழுந்து, கொல்லையில் வரட்டி அடுக்கச் சொன்னார்.

“யாரு வண்டிக்கு?” என்றாள் பெத்தம்மாள்.

“வண்டிக்கு இல்லட்டி. குழாய்க்கு.”

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, குழாயின் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே வைத்துச் சரியாக நறுக்கினார். குழாயை வரட்டித் தீயில் வைத்து எடுத்து, மறுபடி ஈர்க்கை வைத்தார். ஈர்க்கு குபுக்கென்று பற்றிக்கொண்டது. டிரைவர் சிரித்துவிட்டான். இருளப்பசாமி சிரிக்கவில்லை, குழாய் ஆறும் வரை காத்திருந்து, கம்பி ஒன்றை அதே அளவுக்கு வெட்டி, சரிதானா என்று ஒருமுறை பார்த்து, குழாயைத் திரும்பத் தீயில் போட்டார். இந்தத் தடவை கம்பி குழாயின் துளைக்கு எட்டவில்லை. நகக்கனம் குறைந்தது. ஆறவிட்டு வைத்துப் பார்த்தார். எட்டியது. மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் குழாய் வளர்ந்தது, சுருங்கியது.

சக்கரப் பட்டை வளர்வதை முப்பது வருஷமாகக் கையில் பிடித்துப் பார்த்தவர். அது வட்டம் என்பதால் பெரிதாகிறது என்று மட்டுமே நினைத்திருந்தார். நேராகக் கிடக்கிற இரும்பும் வளரும் என்று ஏன் தோன்றாமல் போனது என்று அவருக்கே விளங்கவில்லை.

எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கிறது. குழாய் மட்டும் நீளுகிறது. நடு ஆணிகள் பக்கத்தில் அசைவு இல்லை. ஓரத்துக்குப் போகப் போக அதிகம். சூட்டில் ஓரத்து ஆணியைத் தினமும் வெளியே தள்ளித் தள்ளி முன்னோரத்தை மெதுவாக அறுத்தது. நீண்டு கிடந்த நிலையில் அவர் அதை அசையவிடாமல் முடுக்கித் தண்ணீர் ஊற்றினார். ஒரே வெட்டில் சுருங்கிப் பின்னோரத்தை உள்ளே இழுத்து அறுத்தது. இரண்டு ஆணியும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஒன்று வளர்ந்த கதை, மற்றது சுருங்கின கதை.

அவர் மடியிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்துக் கறுப்புத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஞானதுரை இரண்டையும் பார்த்தான். அவரையும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை, அந்தத் தொப்பிக்காரன் செய்ததில் அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது.

செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. குழாயின் ஓரத்துத் துளை இரண்டையும் நீளவாக்கில் முட்டைபோல் ராவிவிட வேண்டும். ஆணி நிற்கும், குழாய் அதைச் சுற்றி நகர்ந்துகொள்ளும். நடு ஆணிகளை நன்றாகப் பிடிக்க வேண்டும், ஓரத்தை இறுக்காமல் கைப்பதமாக. ஆனால் டிரைவர் ராவவிடவில்லை. சீமைக் குழாயில் அரத்தை வைத்துத் துளையைப் பெரிதாக்கினால் ராவுத்தர் தோலை உரித்துவிடுவார், அவரே வந்து சரியென்று சொல்லட்டும் என்றான். அதுவும் சரிதான். சரியென்று சொல்ல வைக்க வேண்டுமானால் காரணத்தைக் காட்ட வேண்டும். ஒரு துண்டை மட்டும் காட்டினால் குழாய் வளர்கிறது என்பது தெரியும். சுருங்கி இழுக்கிறது என்பதற்கு வெள்ளைத் துண்டுதான் சாட்சி. அதைக் காட்டினால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

அன்று ராத்திரி சோறு தின்னும்போது பெத்தம்மாள் அதையேதான் சொன்னாள். கறுக்க வைத்துவிட்டால் பிழைப்பு மிஞ்சும் என்றாள்.

“கறுக்க வச்சா அது எதுக்குச் செத்துதுன்னு தெரியாமப் போயிரும்ட்டி.”

“தெரிஞ்சு? அதை வச்சுக் குழம்பு கொதிக்குமா?”

அவர் இரண்டு வாய்ச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ராவுத்தர் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். பெத்தம்மாள் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு துருத்திக்குப் பின்னால் போய்விட்டாள். இருளப்பசாமி பட்டறைக் கல்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து இரண்டு துண்டையும் வைத்திருந்தார்.

“ராவுத்தரய்யா, கறுப்பா இருக்கே, இது இங்க வாரதுக்கு முந்தியே செத்துப்போச்சு. வெள்ளையா இருக்கே, இது நான் கொன்னது. சூட்டோட முடுக்கி ரெண்டு கொடம் தண்ணி ஊத்தினேன். சக்கரம்னு நெனச்சுட்டேன்.”

ராவுத்தர் ஞானதுரையின் பக்கம் திரும்பவில்லை. துண்டுகளைக் கையில் எடுத்தார். பருத்தியைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலால் பிடித்தார்.

“தண்ணி ஊத்தினத நீரு சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரிஞ்சிருக்காது. ஆனா குழாயை ராவச் சம்மதிக்கமாட்டீரு. சம்மதிக்கலன்னா மறுபடி ஒடியும்.”

இருளப்பசாமி கம்பியை வைத்துக் குழாயை ஆறின போதும் காய்ந்த போதும் அளந்து காட்டினார். ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ராவச் சொன்னார். ஞானதுரை இரண்டு மாசச் சத்தத்தையும் மதுரைக் கதையையும் தானாகவே சொல்லிவிட்டான். ஆசாரி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டிக்கொடுக்காமலிருந்தது அவனைச் சும்மா இருக்கவிடவில்லை. ராவுத்தர் கேட்டுக்கொண்டு தாடியை மட்டும் தடவினார்.

புது ஆணிகளைப் போட்டுக் குழாயை ஏற்றி, ராவின துளைகளில் ஓரத்து மரைகளைக் கைப்பதமாக முடுக்கினார்கள். இருளப்பசாமி உளிமுனையால் குழாயின் ஓரத்திலிருந்து எஞ்சின் வரைக்கும் ஒரே நேர்க்கோடாக ஒரு கீறல் போட்டார். குழாய் நகர்ந்தால் கோடு இரண்டாக விலக வேண்டும். விலகாவிட்டால் தான் சொன்னதெல்லாம் உளறல்.

ராவுத்தர் அவரையும் ஏறச் சொன்னார். இருளப்பசாமிக்கு அந்த வண்டியில் நம்பிக்கை இல்லை. ஏறி, இரண்டு கையாலும் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த பருத்தி வண்டிக்காரன் மாட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசாரியை எங்கே பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. சப் சப் கிடையாது.

ராவுத்தரின் கிட்டங்கி வாசலில் வண்டி நின்றதும் மூன்று பேரும் குனிந்தார்கள். கோடு விலகியிருந்தது. எஞ்சின் பக்கத்துக் கீறல் நின்ற இடத்தில் நிற்க, குழாய்ப் பக்கத்துக் கீறல் நூல்கனம் வெளியே போயிருந்தது. ராவுத்தர் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து சொன்னார். செட்டியார்பட்டிக்காரனுக்குப் பத்து வண்டி தருவதாகப் புதன்கிழமையே ஆள் அனுப்பிவிட்டாராம். கொடுத்த வார்த்தையை மாற்ற மாட்டார். மிச்சம் இருபத்திரண்டும் ஆசாரியிடமே இருக்கும். டிரைவரைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

“பத்து வண்டி போனதுல வருத்தமா?” என்றார் கடைசியில்.

“இருக்கத்தான் செய்யுது” என்றார் இருளப்பசாமி. வெள்ளைத் துண்டைக் கறுக்க வைத்திருந்தால் பத்தும் திரும்பி வந்திருக்குமா, இல்லை ராவுத்தர் எப்படியும் இரண்டு பட்டறையில் வேலையைப் பிரித்து வைக்கத்தான் நினைத்திருந்தாரா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. கேட்டாலும் சொல்கிற பதிலை நம்பப் போவதில்லை.

ராவுத்தர் உள்ளே போய்விட்டார். ஞானதுரை, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் ராஜபாளையத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், ஏறும் என்றான்.

“இரு. இன்னும் ஆறல” என்றார் இருளப்பசாமி.

அவர் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். விலகின கோடு திரும்பி வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வண்டி போய்க் கிடைத்தது இது. பாதியில் எழுந்திருக்க அவருக்கு மனசில்லை. குழாய் ஆறிக்கொண்டே எங்கோ உள்ளுக்குள் லேசாகச் சொடக்கியது. கோடு மயிரிழை நகர்ந்ததுபோல் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.